டுவைட் ஸ்லாமாவின் இடது கை

டுவைட் ஸ்லாமாவோடு கடைக்குப் போவதைப் போன்ற தொந்தரவு வேறு இல்லை. முட்டை வாங்கப் போனால் இரண்டு மூன்று பேராவது வழிமறிப்பார்கள். எல்லோருக்கும் அவரைத் தெரியும், எங்கே பார்த்தோம் என்றுதான் தெரியாது. பர்பாங்க் மாக்னோலியா சாலைக் கடையில் ஒருமுறை ஒரு பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"ஃபாதர்! என் கல்யாணத்தை நீங்கதானே நடத்தி வச்சீங்க!"

"கல்யாணம் நல்லா போகுதாம்மா?"

"அது எங்க போகுது, அவன்தான் போயிட்டான்."

"அப்படின்னா நான் நடத்தி வச்சது இல்லம்மா அது. என்னோடது எல்லாமே விளம்பர இடைவேளை வரைக்கும் நல்லாத்தான் போகும்."

அவளுக்கு அது புரிந்ததா என்பது சந்தேகம். ஆனால் சிரித்துக்கொண்டே போனாள். டுவைட்டிடம் வந்தவர்கள் யாரும் சிரிக்காமல் போனதை நான் பார்த்ததில்லை.

என் பெயர் பெவ். டெலிவிஷன் தொடர்களில் கன்டினியுட்டி பார்ப்பவள். எந்தச் சொல்லில் எந்தக் கை கோப்பையைத் தூக்கியது, சட்டையின் எந்தப் பொத்தான் திறந்திருந்தது, தொப்பி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதுதான் என் பிழைப்பு. இந்த வேலையில் யாருக்கும் என்னைப் பிடிக்காது. தப்பைச் சொல்லிக்கொண்டே இருப்பவளை யாருக்குத்தான் பிடிக்கும்? டுவைட்டுக்குப் பிடித்தது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் நெப்ராஸ்காவில் மாட்டுத் தீவனக் கடைக்காரரின் மகன். கடைக்கு வரும் விவசாயிகளின் நடையையும் பேச்சையும் அவர்கள் போனபின் செய்துகாட்டி அப்பாவிடம் திட்டு வாங்கியவர். இருபத்திரண்டு வயதில் ஒரு ஓட்டை வண்டியில் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்து சேர்ந்தார். அழகன் என்று சொல்ல முடியாது, அசிங்கம் என்றும் சொல்ல முடியாது. இந்த ஊரில் அப்படிப்பட்ட முகத்துக்கு வேலை கிடைத்துக்கொண்டே இருக்கும், பெயர் மட்டும் கிடைக்காது. நீதிபதியாக வந்தார், கொலைகாரனாக வந்தார், மாட்டு டாக்டர், மேயர், குடிகாரன், கிறிஸ்துமஸ் தாத்தா என்று எல்லாமாக வந்தார். ரப்பர் முகமூடிக்குள் வியர்த்து வழிந்தபடி வேற்றுக்கிரகத் தளபதியாகவும் வந்தார். ஒரு மதிய நேரத் தொடரில் இரட்டையர்களாக நடித்தார், அதில் ஒருவன் இன்னொருவனுக்கு விஷம் வைத்தான். இத்தனையும் செய்து கடைசியில் ஊர் முழுக்க அவரை அடையாளம் கண்டுகொண்டது ஒரு மலச்சிக்கல் மாத்திரை விளம்பரத்தால்தான். அதைச் சொன்னால் அவர் மனைவி ஆர்லீன் இன்றும் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவள் பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்பவள். டுவைட்டுக்கு வேலை இல்லாத மாதங்களில் அந்த வீட்டை ஓட்டியவள் அவள்தான்.

எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. ஒரு நாள் நடிக்க வருபவருக்குக் கொடுக்கும் அறைக் கதவில் ஒட்டுநாடாவில் எழுதி ஒட்டுவார்கள். அவர் பெயரை அல்ல, பாத்திரத்தின் பெயரை. பாத்திரத்துக்கும் பெயர் இல்லை என்றால் "நீதிபதி" என்றோ "கோபக்காரப் பக்கத்து வீட்டுக்காரர்" என்றோ இருக்கும். நாள் முடிந்ததும் டுவைட் அதை உரித்துக்கொண்டு போய் வீட்டு மளிகை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவைப்பார். மாவு எடுக்கக் கதவைத் திறந்தால் "பிணம்", "பாதிரியார்", "இரண்டாவது போலீஸ்காரர்" என்று வரிசையாக எதிரே நிற்பார்கள். தன்னை எல்லோரும் கதவில் இருப்பதை வைத்தே கூப்பிடுவதால், மதியச் சாப்பாட்டுக்குள் அந்தத் தளத்தில் இருக்கும் எல்லோருடைய பெயரையும் கற்றுக்கொள்வது அவர் பழக்கமாகிவிட்டது. வண்டி ஓட்டுபவர், ஒயர் சுருட்டுபவர், ஒருவரையும் விடமாட்டார்.

நான் அவரை முதலில் பார்த்தபோது அவர் பிணமாக இருந்தார்.

அது ஒரு போலீஸ் தொடர். டுவைட் நான்கு வரி பேசிவிட்டுச் செத்து, சமையலறைத் தரையில் கிடந்தார். கதாநாயகர் அவருக்குப் பக்கத்தில் துப்பாக்கியோடு நிற்க வேண்டும். முதல் ஷாட்டில் துப்பாக்கி அவர் வலது கையில் இருந்தது. அடுத்த ஷாட்டுக்கு இடது கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். நான் சொன்னேன். எடுத்ததை அங்கேயே போட்டுப் பார்க்கும் வசதி அந்தத் தொடரில் அப்போது இல்லை.

"இடது கைதான். கண்ணு தெரியலைன்னா வீட்டுல உட்காரும்மா," என்றார் அவர், எல்லோர் முன்னாலும்.

இயக்குநர் மேலே தொங்கும் விளக்குகளை எண்ணத் தொடங்கினார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அப்போது தரையிலிருந்து குரல் வந்தது.

"அவங்க சொன்னது சரிதான் சார். வலது கை. நான் கீழ படுத்துப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"பிணம் எப்படிப்பா பார்க்கும்?"

"கண்ணைத் திறந்துக்கிட்டே சாகச் சொன்னாங்க சார்."

தளமே சிரித்தது. கதாநாயகர் துப்பாக்கியை வலது கைக்கு மாற்றிக்கொண்டார். ஒரு தொடரில் செத்தவர் இரண்டு வருடம் கழித்து மீசை வைத்துக்கொண்டு வேறு ஆளாக அதே தொடருக்குத் திரும்புவது எங்கள் ஊரில் சாதாரணம். டுவைட்டை மட்டும் அந்தத் தொடருக்கு மறுபடி யாரும் கூப்பிடவே இல்லை. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. நான்தான் மறக்கவில்லை. மறக்காமல் இருப்பதுதானே என் வேலை.

அறுபத்து மூன்று வயதில் அவருக்கு நிரந்தரமான வேடம் ஒன்று கிடைத்தது. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற வால்ட். மகள் வீட்டில் இருப்பவர். காலையில் சமையலறை மேசையில் பேப்பரும் காபியுமாக உட்கார்ந்து வருகிறவர் போகிறவரையெல்லாம் வம்புக்கு இழுப்பவர். தொடக்கத்தில் ஓடும் பெயர்களில் முதல்முறையாக டுவைட் ஸ்லாமா என்ற பெயரும் ஓடியது. முதல் வருடம் முடிந்ததும் கதவிலிருந்த "வால்ட்" நாடாவை உரிக்கப் போனவர் நின்றுவிட்டார்.

"உரிக்க வேண்டாம்ல பெவ்? மறுபடியும் இங்கதானே வரப் போறேன்?"

"ஆமாய்யா. விடு அதை."

"வாழ்க்கையில ஒரு மேசையில கூட ரெண்டு நாள் சேர்ந்தாப்ல உட்கார்ந்ததில்ல. இவனோட கடைசி வரைக்கும் இருந்துட்டா போதும் எனக்கு."

அவர் கேட்டது அவ்வளவுதான்.

அந்தத் தொடரில் எங்கள் ஆட்கள் நல்ல ஆட்கள். ஒலிப்பதிவுக்கு கெவோர்க். பக்கத்து ஊரான கிளென்டேலைச் சேர்ந்த ஆர்மீனியன். காதில் போட்ட ஹெட்போனைக் கழற்றினால் அரசியல் பேசுவான், அதனால் கழற்றாமல் இருப்பதே நல்லது. அவன் அப்பா இறந்தபோது சாவுச் சாப்பாட்டுக்கு டுவைட் போயிருந்தார். வயதான உறவினர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, மொழி தெரியாமலேயே அவர்கள் கதையெல்லாம் கேட்டுவிட்டு வந்தார். காட்சிக்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமான்களுக்கு யோலி. அவள் பெண் பள்ளிப் பேச்சுப் போட்டியில் நடுங்கியபோது, சாப்பாட்டு நேரத்தில் தானே நடுவராக உட்கார்ந்து பேசப் பழக்கியவர் டுவைட். வெள்ளிக்கிழமைகளில் கொலாச்சே சுட்டுக் கொண்டுவருவார். அவர் ஊர் செக் மக்கள் செய்யும் பன். நடுவில் கட்டை விரலால் குழி அழுத்தி அதில் பழக்கூழ் வைப்பார்கள்.

இரண்டாம் வருடம் அந்தக் குழிகள் கோணலாக வரத் தொடங்கின. வால்ட்டின் இடது கை பேப்பருக்கு அடியில் போனதும் அப்போதுதான். அடுத்த வாரம் மடியில் இருந்தது. அதற்கடுத்த வாரம் சட்டைப்பைக்குள். முதல் டேக்கிலேயே அதை ஒளித்துவிடுவார், பிறகு எல்லா டேக்கிலும் அது ஒளிந்தே இருக்க வேண்டும் என்று நானே கட்டளை போடுவேன். என் வேலையை வைத்தே என்னை ஏமாற்றப் பார்த்தார் மனிதர். ஏமாற நான் ஆள் இல்லை. ஒரு மதியம் வண்டிகள் நிறுத்தும் இடத்தில் என் காரில் உட்கார்ந்து பரிட்டோ ரொட்டிச் சுருள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவரே ஆரம்பித்தார்.

"உனக்குத் தெரிஞ்சுபோச்சுல்ல?"

"என் கண்ணை என்னன்னு நினைச்ச?"

"நடுக்குவாதம். டாக்டர் சொல்லிட்டாரு. வசனம் எல்லாம் ஞாபகம் இருக்கு பெவ், ஒரு சொல் கூட போகல. இந்தக் கை மட்டும்தான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

"ஜூன் கிட்ட சொல்லிடேன்." ஜூன் ஹமசாகி அந்தத் தொடரின் தலைமை எழுத்தாளர். எங்கள் எல்லோருக்கும் முதலாளி.

"சொன்னா என்ன ஆகும்? ரெண்டு சீசனுக்கு நடுவுல வால்ட்டுக்கு மாரடைப்பு வந்துடும். மேசையில ஒரு போட்டோ, பக்கத்துல ஒரு மெழுகுவர்த்தி. நான் எத்தனையோ தடவை செத்திருக்கேன், அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. இவன் சாகக் கூடாது."

நான் பரிட்டோவைக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டேன். "என் வாயிலேர்ந்து வராது," என்று மட்டும் சொன்னேன்.

பல மாதங்கள் ரகசியம் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று பெருமையாக நினைத்துக்கொண்டு திரிந்தேன். யோலி காய்ச்சல் என்று ஒருநாள் வராமல் போனாள். அவளுக்குப் பதிலாக வந்த பெண் வால்ட்டுக்கு வழக்கமான வெறும் கோப்பையைக் கொடுத்தாள். டெலிவிஷன் கோப்பைகளில் காபி இருக்காது. நடிகர்கள் காற்றைத்தான் குடிப்பார்கள். டுவைட் அதைக் கையில் எடுத்துத் தட்டில் வைத்தார். கடகடவென்று ஒரு சத்தம், தகரக் கூரையில் மழை பெய்வது போல. அடுத்த நொடி கெவோர்க் பலமாக இருமினான்.

"மன்னிச்சுக்கோங்க! என் பக்கம் சத்தம். தொண்டை. இன்னொரு டேக்!"

இருபது வருடமாக அவனைத் தெரியும். டேக் நடக்கும்போது மூச்சுவிடக்கூட யோசிப்பவன். மறுநாள் யோலி வந்ததும் இருவரையும் சாமான் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

"எதுக்குய்யா இருமின?"

"இருமல் வந்தது, இருமினேன். இருமுறதுக்கும் உன்கிட்ட அனுமதி வாங்கணுமா?"

"கெவோர்க்!"

அவன் யோலியைப் பார்த்தான். யோலி தரையைப் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணு வெறும் கோப்பையா குடுத்தா?" என்றாள் யோலி. "ஐயோ, அடியில ஈயம் ஒட்டி வச்ச கோப்பை தனியா மேல்தட்டுல இருக்கே! கனமா இருந்தா கை ஆடாது."

"நீயா அது?" என்றான் கெவோர்க். "நான் தட்டுக்கு அடியில துணி ஒட்டினேன், எப்படிச் சத்தம் இவ்வளவு குறைஞ்சதுன்னு எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. நான்தான் கெட்டிக்காரன்னு நினைச்சேன்."

"நீ என்னிக்கு கெட்டிக்காரன்? மேக்கப் பொண்ணும் அவரை இடது பக்கம் தெரியற மாதிரி உட்கார வைக்கக் கூடாதுன்னு கேமராக்காரன்கிட்ட சண்டை போட்டிருக்கா. தலைமுடி சரியில்லையாம்! அவருக்கு ஏது தலைமுடி?"

மூவரும் சாமான் அறையில் நின்று சிரித்தோம். பிறகு யோலி அழ ஆரம்பித்தாள், எங்களுக்கும் அடக்க முடியவில்லை. ஒருவருக்கொருவர் தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் திருட்டு வேலை செய்திருக்கிறோம். யாரும் யாரையும் கேட்டுச் செய்யவில்லை. கதவைத் திறந்தால் வெளியே டுவைட் நின்றுகொண்டிருந்தார். கையும் களவுமாகப் பிடிபட்டோம்.

அவர் கையில் தன் காபித் தட்டு இருந்தது. அதைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்த துணியை விரலால் தடவினார்.

"இது யாரு?"

கெவோர்க் பள்ளிப் பையன் மாதிரி கையைத் தூக்கினான்.

டுவைட் அழுதுவிட்டார். எத்தனையோ வேடத்தில் எத்தனையோ விதமாக அவர் அழுததைப் பார்த்திருக்கிறேன், அது எல்லாமே இதைவிட அழகாக இருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "உங்க வேலைக்கு உலை வச்சுடுவீங்க போல இருக்கே" என்றார். "போதும்டா. எனக்காக இவ்வளவு பேரு பொய் சொல்லி நான் பார்த்ததில்ல. இனிமே வேண்டாம்."

"என்ன பண்ணப் போற?" என்று கேட்டேன்.

"நடிக்கப் போறேன்," என்றார்.

அன்று பிற்பகல் எடுத்தது மகள் வீட்டை விற்கப் போவதாக அப்பாவிடம் சொல்லும் காட்சி. மகளாக நடித்த மாலரி எதிரே உட்கார்ந்தாள். முதலில் எல்லோரும் தெரியும்படி முழுக் காட்சியையும் அகலமாக எடுப்போம். அதற்கு மாஸ்டர் என்று பெயர். மாஸ்டரில் நடிகர் என்ன செய்தாரோ, அதைத்தான் பிறகு நெருக்கமான ஷாட்டுகளிலும் செய்ய வேண்டும், அதை மேட்ச் ஆவது என்போம். மூக்கைச் சொறிந்திருந்தால் நாள் முழுக்கச் சொறிந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். இது தெரியாத புது நடிகர்கள் மாஸ்டரில் ஆசையாகக் கேக்கைச் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலத்துக்குள் முழுக் கேக்கையும் தின்று வாந்தி எடுப்பார்கள். டுவைட்டுக்கு இது தெரியாதா?

"ஆக்‌ஷன்" என்றார் அன்றைய இயக்குநர் ஆஷர். அந்த ஒரு எபிசோடுக்காக வந்தவர்.

மாலரி வீட்டை விற்கும் விஷயத்தைச் சொன்னாள். டுவைட் பேப்பரை மெல்ல மடித்து வைத்தார். அதன் அடியிலிருந்து இடது கையை எடுத்து, மேசைக்கு நடுவில், விளக்கு வெளிச்சத்தில் வைத்தார். அது ஆடியது. அவர் அதைப் பார்க்கவே இல்லை, மகளைப் பார்த்துத்தான் பேசினார். கோப்பையின் பக்கத்தில் இருந்த கரண்டி கிணுகிணுத்தது. மாலரி பேசிக்கொண்டே அந்தக் கரண்டியை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். அது ஸ்கிரிப்டில் இல்லை. அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

"கட்," என்றார் ஆஷர். மேசைப் பக்கம் வந்தார். "ரொம்ப நல்லா இருந்துச்சு டுவைட். அந்தக் கை... அது இல்லாம ஒண்ணு பண்ணலாமா? போன எபிசோடுகள்ல வால்ட் அப்படி இல்லையே."

கெவோர்க் ஹெட்போனைக் கழற்றிவிட்டான். டுவைட் கையை மேசையிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் அது திரும்ப வராது என்று எனக்குத் தெரிந்தது. என் முகம் மறுபடியும் எரிந்தது, முன்பு அந்தப் போலீஸ் தொடரில் எரிந்தது போலவே.

"முடியாது," என்றேன். "மாஸ்டர்ல இருக்கு. மேட்ச் ஆகணும்."

மாஸ்டரை மறுபடியும் எடுக்க நேரம் இருந்தது. வெளிச்சமும் இருந்தது, நடிகர்களும் அங்கேயே இருந்தார்கள். எனக்கு அது தெரியும், ஆஷருக்கும் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். பிறகு டுவைட்டின் கையைப் பார்த்தார். இந்த ஊரில் கெட்டவர்களைப் பற்றித்தான் கதைகள் அதிகம், அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

"அப்ப மேட்ச் பண்ணுங்க," என்றார்.

மாலைவரை ஒவ்வொரு ஷாட்டிலும் பேப்பர் மடிந்தது, கை மேசைக்கு வந்தது, மாலரி கரண்டியை எடுத்தாள். எந்தச் சொல்லில் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் காலை ஜூன் ஹமசாகி தளத்துக்கு வந்தார். அவர் வந்தால் யாருக்கோ வேலை போகிறது என்று அர்த்தம். டுவைட் சமையலறை மேசையில், தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஜூன் எதிரே உட்கார்ந்தார்.

"எவ்வளவு நாளா இது?"

"போன இலையுதிர் காலத்துலேர்ந்து. சொல்லியிருக்கணும். வால்ட்டை நீங்க கொன்னுடுவீங்களோன்னு பயம்."

"நேத்து எடுத்ததைப் பார்த்தேன்," என்றார் ஜூன். அவர் சட்டென்று பேசுபவர், அன்று கொஞ்சம் நிதானமாகப் பேசினார். "எங்கப்பாவும் கடைசி வருஷங்கள்ல இப்படித்தான் பேப்பருக்கு அடியில கையை வச்சிருப்பாரு. நாங்க யாரும் கரண்டியை எடுத்து வைக்கல. சத்தம் போடாதீங்கப்பான்னு சொல்லுவோம்."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பெவ், மாஸ்டரைத் திரும்ப எடுத்திருக்கலாம்ல?"

"எடுத்திருக்கலாம்."

"ஏன் எடுக்கல?"

"மேட்ச் ஆகாது," என்றேன்.

ஜூன் டுவைட்டைப் பார்த்தார். "இவ சொல்றது சரியா?"

"அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மேடம்," என்றார் டுவைட். "நான் கீழ படுத்துப் பார்த்திருக்கேன்."

ஜூனுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். இத்தனை வருடம் அவரும் அதை மறக்காமல்தான் இருந்திருக்கிறார்.

ஜூன் எழுந்துகொண்டார். "அப்படின்னா இனிமே எல்லா எபிசோட்லயும் மேட்ச் ஆகணும். வால்ட்டுக்கு இடது கை நடுங்கும். கடைசி எபிசோட் வரைக்கும். அது உன் பொறுப்பு பெவ்."

"சரி," என்றேன்.

தொடர் அதற்குப் பிறகும் நான்கு வருடம் ஓடியது. வால்ட் சாகவில்லை. கடைசி நாளன்று டுவைட் கதவிலிருந்த நாடாவை உரிக்க முயன்றார். விரல்கள் ஒத்துழைக்கவில்லை. நான் உரித்துக் கொடுத்தேன். வீட்டுக்குப் போய் மளிகை அலமாரிக் கதவில் "பிணம்" என்ற நாடாவுக்குக் கீழே ஒட்டினோம். ஆர்லீன் காபி போட்டாள். கோப்பையை அவர் தட்டில் வைத்தபோது அது சத்தமாகவே கடகடத்தது. யாரும் இருமவில்லை.